எரிச்சல் உண்டா, இல்லையா

ரசமட்டத்தின் தலையில் அடிபட்ட அன்று அதிகம் பதறியவர் அவர் வேலை செய்த வீட்டின் சொந்தக்காரர்தான். அவர் பதறியது சமையல் மேடைக்காக. மேடைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து கடைசி வரிசை டைல்ஸைப் பதித்துக்கொண்டிருந்த ரசமட்டம், தலைக்கு மேல் கருங்கல் பலகை இருப்பதை மறந்து சட்டென்று எழுந்துவிட்டார். 'ணங்' என்று ஒரு சத்தம். அடுத்த அறையிலிருந்து ஓடிவந்த சொந்தக்காரர் பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான், "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

ரத்தம் வரவில்லை. ரசமட்டம் கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். பிறகு மீதி இருந்த நான்கு டைல்ஸையும் பதித்து முடித்தார். சாயங்காலம் வேலையைப் பார்க்க வந்த மேஸ்திரி, அந்த நான்கிலும் பூ தலைகீழாக இருப்பதைக் கண்டார். இருபத்திரண்டு வருடத்தில் ரசமட்டம் ஒரு டைல்ஸைக்கூடத் தலைகீழாகப் பதித்ததில்லை. மேஸ்திரி மறுபேச்சுப் பேசாமல் அவரைத் தன் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். அன்றைக்கு இருந்த இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எல்லாம் நார்மல்" என்றார். சீட்டில் 'லேசான தலைக்காயம்' என்று எழுதி, பத்து நாள் ஓய்வு எடுக்கச் சொல்லி, ஆறு வாரம் கழித்து ஒரு தடவை வந்து காட்டும்படி அனுப்பிவைத்தார். யாருக்கு லேசு என்று சீட்டில் போடவில்லை. ரசமட்டம் பத்து நாளில் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார்.

ரசமட்டம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க டைல்ஸ்காரர்கள் வைக்கும் கருவிக்குத்தான் அந்தப் பெயர். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சமம். இவருடைய குமிழி எப்போதும் நடுவில் நிற்கும் என்று கூட வேலை செய்தவர்கள் கண்டுபிடித்து வைத்த பெயர் அது. போட்ட தரையைப் பெயர்த்து மறுபடி போடச் சொன்னாலும் "சரிங்க" என்பார். கலவை வண்டி மூன்று மணி நேரம் தாமதமாக வந்தாலும் "வந்துடும்" என்பார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இதில் ஒரு மனக்குறைகூட இருந்தது. "ஊர்ல எல்லாரும் புருஷனோட சண்டை போட்டுட்டு வந்து கடையில கதை சொல்றாங்க. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல" என்பாள். "சரி, நாளைக்குப் போடலாம்" என்பார் அவர். ஒன்பது வயது மகளை வாண்டு என்று கூப்பிடுவார்கள். அவள் அப்பாவின் முதுகில் ஏறி உட்கார்ந்துதான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்வாள்.

மூன்றாவது வாரத்தில் குமிழி நகர ஆரம்பித்தது.

முதலில் சத்தம். இருபத்திரண்டு வருடம் டைல்ஸ் அறுக்கும் மெஷினைத் தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, திடீரென்று அது பல்லுக்குள் இறங்கியது. பிறகு வெளிச்சம். பிறகு ஒரு நாள் ஓரம் உடைந்த ஒரு டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டார். தினமும் பத்து உடையும். உடைந்ததை அறுத்துச் சுவர் ஓரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவருக்கு அது தாங்கவில்லை. மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்று, "வேற பெட்டி இருக்குப்பா" என்றார்.

அழுகையாவது பரவாயில்லை, யாரையும் கடிக்காது. கோபம்தான் வீட்டுக்கு வந்தது. தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடவில்லை என்று கத்தினார். செருப்பு கோணலாகக் கிடந்ததற்குக் கத்தினார். "ஏன் கத்துறீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, நான் எங்கே கத்துகிறேன் என்று கத்தினார். கத்தி முடித்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தூக்கம் வந்தால் நான்கு மணி நேரம். ஏன் இப்படி ஆகிறது என்று அவருக்கும் புரியவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவும் இல்லை.

பந்து விஷயம் ஐந்தாவது வாரம் நடந்தது. வாண்டு தன் அறைச் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நிறுத்து" என்றார். அவள் இன்னும் மூன்றே மூன்று தடவை என்று எண்ண ஆரம்பித்தாள். இரண்டு என்று சொல்லும்போது ரசமட்டம் உள்ளே வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். சமையலறையில் கத்தியை எடுத்துச் சரிபாதியாக வெட்டினார். வேலை பழகிய கை, இரண்டு பாதியும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் சமமாக இருந்தன. அவற்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அந்தக் குழந்தை அவ்வளவு பயந்திருக்காது.

அதற்குப் பிறகு வாண்டு வீட்டுக்குள் சுவரை ஒட்டி நடந்தாள். அப்பா கூடத்தில் இருந்தால் தண்ணீர் குடிக்க வரமாட்டாள். முதுகில் ஏறுவது நின்றுபோனது. வாய்ப்பாடு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் ரசமட்டம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்ததும் அவருக்கு ஒரு முடிவு தோன்றிவிட்டது. அவருடைய அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் பாத்திரங்கள்கூட மூச்சுப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பிறந்தவர் இவர். நாற்பத்தொரு வயது வரைக்கும் மூடி வைத்திருந்தது இப்போது வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார். மேடையில் இடித்ததை அவர் இதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. தலைதான் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே.

ஆறு வாரம் முடிந்ததும் சொன்ன சொல் தவறாமல் மருத்துவமனைக்குப் போனார். தனியாகத்தான் போனார். வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடம் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். தலைவலி உண்டா, இல்லையா? எப்போதாவது. வாந்தி? இல்லை. மயக்கம்? இல்லை. சோர்வு உண்டா? இது என்ன கேள்வி என்று இருந்தது அவருக்கு. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குச் சோர்வு இல்லாமல் இருக்குமா? 'வேலை முடிந்ததும் உண்டு' என்று எழுதினார்.

அடுத்த கேள்வி: எரிச்சல் உண்டா, இல்லையா?

ரசமட்டம் இந்தக் கேள்வியை நன்றாக யோசித்துத்தான் பதில் எழுதினார். சிமெண்டில் கை வைக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், எரிச்சல் என்றால் என்னவென்று. விரல் இடுக்கில் தோல் உரிந்து, சோப்புப் பட்டால் உயிர் போகும். அவர் நேர்மையானவர். 'உண்டு. இரண்டு கையிலும். இருபத்திரண்டு வருடமாக' என்று எழுதினார். எழுதும்போது, தலையில் அடிபட்டு வந்தவனிடம் கையைப் பற்றிக் கேட்கிறார்களே என்று உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒருவர் செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்; அந்தப் போனைப் பிடுங்கி எறியலாமா என்றும் தோன்றியது. அதைத் தாளில் எங்கேயும் கேட்கவில்லை.

தாளைப் பார்த்த டாக்டர் வேறொருவர். அவசரத்தில் இருந்தார். தலைக்கு "எல்லாம் நார்மல்" என்று சொல்லி, கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தோல் பிரிவுக்கு அனுப்பினார். தோல் பிரிவில் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே மருந்தகத்தில் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"எல்லாம் நார்மலாம்."

அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எதையும் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"இதுவரைக்கும் தலையில ஏதோ ஆயிருக்கும்னு நினைச்சுத்தாங்க நான் வாயை மூடிட்டு இருந்தேன். நோய்னா நான் பார்த்துக்குவேன், எத்தனை வருஷம் ஆனாலும். குணம்னா என்னால முடியாது. குழந்தை சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்குது."

"எனக்கும் தெரியுது."

"ஞாயித்துக்கிழமை நானும் அவளும் அக்கா வீட்டுக்குப் போறோம்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் எழுந்து போய் மீதிப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். ரசமட்டம் இதற்கும் "சரி" என்றார். பழைய "சரி" மாதிரியே இருந்தது. அதைக் கேட்டுத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலையில் துணிகளை எடுத்து வைக்கும்போது அவருடைய அலமாரித் தட்டில் அந்தக் களிம்பு அவள் கண்ணில் பட்டது. பிரிக்கவே இல்லை. பதினோரு வருடமாக மருந்துச் சீட்டுப் படித்துப் பழகிய கண்; ஒரு மருந்தைக் கண்டால் அது யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் கடக்காது. களிம்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இது யார் கொடுத்தது?"

"ஆஸ்பத்திரியில."

"தலைக்குக் காட்டப் போனவருக்குக் கைக்கு எதுக்குக் களிம்பு?"

"அவங்கதான் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம."

ரசமட்டம் சொன்னார். தலைவலி, வாந்தி, மயக்கம், சோர்வு, எரிச்சல். எரிச்சலுக்குத் தான் எழுதிய பதிலையும் சொன்னார். மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று அவளுக்கே தெரியாது.

"ஐயோ, அவங்க கேட்டது சிடுசிடுப்புங்க! சும்மா சும்மா கோபம் வருதான்னு கேட்டிருக்காங்க!"

"அப்படின்னா அப்படிக் கேக்க வேண்டியதுதானே?" என்று ரசமட்டம் எரிந்து விழுந்தார். விழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"தலையில அடிபட்டா கோபம் வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வராமலா தாள்ல அச்சடிச்சு வெச்சிருக்காங்க? கிளம்புங்க."

இந்தத் தடவை தாளை அவள் நிரப்பினாள். எரிச்சல் என்ற கேள்விக்கு எதிரே விட்டிருந்த இடம் போதவில்லை. ஓரத்தில் ஏறி, மேலே போய், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். குழாய், செருப்பு, பந்து, குளியலறை, நான்கு மணி நேரத் தூக்கம், எதுவும் விடுபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைப் படித்துக்கொண்டிருந்த ரசமட்டம், பந்து வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு நரம்பியல் பிரிவில் இருந்தவர் வயதான டாக்டரம்மா. இரண்டு பக்கமும் படித்தார். இன்னொரு ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். வெளியே காத்திருந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே வேண்டுதலைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள்: தலைக்குள் ஏதாவது இருக்க வேண்டும். பெரியதாக வேண்டாம், படத்தில் தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும்.

"நார்மல்" என்றார் டாக்டரம்மா.

ரசமட்டம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குலுங்கி அழுதார். நல்ல செய்தி கேட்டு இப்படி அழுகிறவர்களை டாக்டரம்மா முன்பும் பார்த்திருப்பார் போலிருக்கிறது. துடைக்கக் காகிதத்தை நகர்த்தி வைத்தார்.

"படம் நார்மல்னுதான் சொன்னேன். நீங்க நார்மல்னு சொல்லல. எலும்பு உடைஞ்சா, ரத்தம் கசிஞ்சா இதுல தெரியும். நரம்புகளுக்குள்ள நடக்கறது தெரியாது. அடிபட்டதும் மூளை தன்னைச் சரிபண்ணிக்க உள்ளுக்குள்ள ஒரு வேலையை ஆரம்பிக்கும். அழற்சின்னு சொல்வோம். சில பேருக்கு அது சீக்கிரம் அடங்காதுன்னு நினைக்கிறோம். அப்போ கோபம், அழுகை, தூக்கம் எல்லாம் தடம் மாறும்."

"அலர்ஜியா?" என்றார் ரசமட்டம். "எனக்கு எதுவும் ஒத்துக்காம போனதில்லையே."

"அலர்ஜி இல்ல, அழற்சி. கையில அடிபட்டா சூடா, சிவப்பா, வீங்கி இருக்குமே, அந்த மாதிரி. வெளியில தெரியாம, ரொம்பச் சின்ன அளவுல. உங்களுக்கு அதேதான்னு சோதனை பண்ணி அடிச்சுச் சொல்ல இன்னிக்கு வழி இல்ல. ஆராய்ச்சி நடக்குது. ஆனா அடிபட்டவங்களுக்கு இப்படி வரும்கறது சந்தேகமே இல்லாத விஷயம்."

மனைவி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க டாக்டர். இது நோயா, இவரோட குணமா?"

"இதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?"

"சண்டை போடக்கூட லாயக்கில்லாம இருந்தார்" என்றாள்.

"அப்ப நோய்தான். பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிடும். சில பேருக்கு மாசக்கணக்காகும். தூக்கத்துக்கு மருந்து தர்றேன். வாரம் ஒரு நாள் ஆலோசகர்கிட்ட வந்து பேசணும். வேலை அரை நாள்தான், மெஷின் பக்கம் போகக்கூடாது. கோபம் வர்றது தெரிஞ்சா அந்த இடத்தை விட்டு எழுந்து போயிடணும்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி ரசமட்டத்தைப் பார்த்தார். "இன்னொண்ணு. நோய்ங்கறது உங்களுக்குக் காரணம். உங்க குழந்தைக்கு அது தெரியாது. அவ தன்னாலதான் அப்பா இப்படி ஆயிட்டார்னு நினைச்சிட்டிருப்பா. இன்னிக்கே சொல்லிடுங்க."

பேருந்தில் மனைவி அக்காவுக்குப் போன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்று சொன்னாள். ஏன் என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். "நோய்தானாம்க்கா!" என்றாள், பரீட்சையில் பாஸான குரலில். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ரசமட்டம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வீட்டில் சொல்ல வேண்டியதை உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பக்கத்து வீட்டில் விட்டிருந்த வாண்டு அவர்களுக்கு முன்பே திரும்பி வந்து தன் அறையில் இருந்தாள். ரசமட்டம் வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

"உள்ள வரலாமா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று பிடிபடாத ஆட்டல். அவர் வெளியிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா தலையில இடிச்சுக்கிட்டேன் இல்ல? அதுல உள்ள அடிபட்டிருக்காம். அதனாலதான் கத்தினேன். பந்தை வெட்டினதும் அதனாலதான். நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. மூணு தடவை என்ன, முப்பது தடவை அடிச்சாலும் அது தப்பில்ல."

வாண்டு இதை யோசித்தாள். அம்மாவைப் போலவே, கேட்பதற்கு முன் நெற்றியைச் சுருக்கினாள்.

"சரியாயிடுமா?"

"ஆயிடும்னுதான் சொல்றாங்க."

"எப்போ?"

"சில மாசம் ஆகலாம்."

"அதுவரைக்கும் கத்துவியா?"

கத்தமாட்டேன் என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வந்தது. பேருந்தில் சொல்லிப் பார்த்ததிலும் அதுதான் இருந்தது. ஆனால் அவர் நேர்மையானவர்.

"கத்தாம இருக்கப் பாக்குறேன். சில நேரம் வந்துடலாம்."

"அப்ப வந்துச்சுன்னா," வாண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக் கேட்டாள், "நான் உள்ள தாப்பாள் போட்டுக்கட்டுமா?"

ரசமட்டத்துக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது; டாக்டரம்மாவே அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார். கோபம் இல்லை, அதனால் எழவில்லை.

"போட்டுக்கோ" என்றார்.

"அது விழ மாட்டேங்குது. நான் போட்டுப் பாத்தேன்."

எப்போது போட்டுப் பார்த்தாள் என்று அவர் கேட்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் பார்த்தார். கதவு ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. தாழ் துளைக்கு நேராக வரவில்லை. போய்த் தன் வேலைப் பையை எடுத்துவந்தார். கதவு நிலையில் தாழ் விழும் பட்டையைக் கழற்றி, துளையைக் கொஞ்சம் கீழே இறக்கி, சத்தம் வராமல் கையாலேயே குடைந்து, பட்டையை மறுபடி முடுக்கினார். கடைசித் திருகைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது வாண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் உயரத்துக்கு எட்டுகிறதா என்று கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எட்டியது.

"இப்ப போடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

உள்ளே தாழ் விழுந்தது. ரசமட்டம் உள்ளங்கையைக் கதவில் வைத்துத் தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்து, முழு பலத்தோடு தள்ளிப் பார்த்தார்.

"திறக்கல" என்றாள் வாண்டு, உள்ளேயிருந்து.

"ஆமா" என்றார் அவர். "நல்லா பிடிச்சிருக்கு."